பயணத்துக்கு ஒரு சிறிய பிரைம் லென்ஸ்

குவியத்தூரத்தை மாற்ற முடியாத கேமரா லென்ஸுக்குப் பிரைம் லென்ஸ் என்று பெயர். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருகினால் காட்சி நெருங்கும், விலகும். பிரைம் லென்ஸில் அந்த வசதி கிடையாது. எதையாவது பெரிதாகக் காட்ட வேண்டுமானால் படம் எடுப்பவர்தான் நடந்து நெருங்க வேண்டும். இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டால் கிடைக்கும் முதல் பலன் எடைக்குறைவு. சோனி நிறுவனத்தின் 24–70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு, எடை குறைத்து வெளியிடப்பட்ட பிறகும் 695 கிராம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் 40 மி.மீ. எஃப்/2.5 பிரைம் லென்ஸ் 173 கிராம்தான். கேனானின் 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 120 கிராம், அதன் தடிமன் இரண்டரை சென்டிமீட்டருக்கும் கீழே. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி என்பதையும், மலைப்பாதையில் ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் உறைக்கும் என்பதையும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

இவ்வளவு எடை எங்கே போகிறது? லென்ஸ் உருளைக்குள் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு வில்லை. ஜூம் லென்ஸில் வில்லைகள் பல தொகுதிகளாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறியபடி நகர வேண்டும். அகலக் கோணத்திலும் குறுகிய கோணத்திலும், இடைப்பட்ட எல்லா நிலைகளிலும் பிம்பம் தெளிவாக விழ வேண்டும். அதற்காக 15 முதல் 20 வில்லைகள் வரை தேவைப்படுகின்றன. ஒரே குவியத்தூரத்துக்கு மட்டும் வடிவமைத்தால் 6 முதல் 9 வில்லைகளே போதும். குறைகளைத் திருத்த வேண்டிய நிலை ஒன்றே ஒன்று என்பதால் வடிவமைப்பாளரின் கவனம் முழுவதையும் அதிலேயே செலுத்த முடிகிறது. அளவில் சிறிய, விலையில் மலிவான பிரைம் லென்ஸ்கூடத் தெளிவில் பெரிய ஜூமுக்கு ஈடுகொடுப்பது இதனால்தான்.

வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது காட்சிக் கோணம். குவியத்தூரத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. சென்சாரின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் எனப்படும் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது, மூலைவிட்டம் 43.3 மி.மீ. இந்தச் சென்சாரில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை அளவுக்குக் காட்சியைப் பிடிக்கும். 28 மி.மீ. என்றால் 75 பாகை, 35 என்றால் 63, 40 என்றால் 57, 50 என்றால் 47. ஃபுஜிஃபில்ம் கேமராக்களிலும் சோனி, நிக்கான் ஆகியவற்றின் சிறிய கேமராக்களிலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு லென்ஸின் குவியத்தூரத்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனானில் 1.6-ஆல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 2-ஆல். ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. காட்டும் காட்சியை ஏபிஎஸ்-சியில் 23 மி.மீ. லென்ஸும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 மி.மீ. லென்ஸும் காட்டும். இனி இந்தக் கட்டுரையில் வரும் குவியத்தூரங்கள், வேறு குறிப்பு இல்லாவிட்டால், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் அமைந்தவை.

கோணத்தின் வேறுபாடு களத்தில் எவ்வளவு பெரிதாகிறது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் உயரம் 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, மேல்நோக்கிச் சாய்த்து, அடி முதல் கலசம் வரை ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 28 மி.மீ. லென்ஸ் உள்ளவர் விமானத்திலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 35 மி.மீ. என்றால் 47 மீட்டர். 50 மி.மீ. என்றால் 80 மீட்டர் பின்னால் போக வேண்டும். பெரிய கோயில் முற்றத்தில் பின்னால் போக இடம் உண்டு. வீதியோடு ஒட்டி நிற்கும் கோபுரங்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. அண்ணாந்து எடுத்த படத்தில் பக்கக்கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது லென்ஸின் குற்றம் அல்ல. சென்சாரின் தளம் கட்டடத்துக்கு இணையாக இல்லாததன் விளைவு அது. எவ்வளவு நெருங்கி நின்று அண்ணாந்து எடுக்கிறோமோ அவ்வளவு அதிகமாகச் சாயும்.

அகலக் கோணம் முகத்தைக் கோணலாக்கும் என்ற நம்பிக்கையும் இதே போன்றதுதான். தோற்றத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. மனித முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக 12 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும்போது மூக்கு காதைவிட 30 சதவீதம் பெரிதாக்கிக் காட்டப்படும். ஒன்றரை மீட்டரிலிருந்து பார்த்தால் அந்த வேறுபாடு 8 சதவீதமாகச் சுருங்கிவிடும். 28 மி.மீ. லென்ஸில் முகம் படத்தை நிறைக்க வேண்டுமானால் மிக நெருங்க நேரிடுகிறது. கோணல் அந்த நெருக்கத்தால் வருவது. பயணத்தில் மனிதர்களை அதிகம் படம் எடுப்பவர்களுக்கு 40 அல்லது 50 மி.மீ. பொருந்துவதற்குக் காரணம் இதுவே. வீதியில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாவின் முகத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் கேமராவை நீட்டாமல் இருப்பது மரியாதையும்கூட.

சிறிய கேமரா, ஒரே லென்ஸ் என்ற யோசனைக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்நாக் உருவாக்கிய லைக்கா கேமரா, 1925-ல் லைப்சிக் வசந்தகாலக் கண்காட்சியில் அறிமுகமானது. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அந்தக் கேமராவுக்கு மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் லென்ஸ் குழாயைக் கேமராவுக்குள் தள்ளி மூடிவிடலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் வாழ்நாள் பணியில் பெரும்பகுதியை லைக்காவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே செய்து முடித்தார். 1948 ஜனவரியில் காந்தியின் கடைசி நாட்களைப் பதிவுசெய்த அவர், 1950-ல் தமிழகம் வந்தார். ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். எந்தக் கோணத்தில் நின்றால் என்ன அடங்கும் என்பது கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன்பே தெரிந்திருப்பதுதான் ஒரே குவியத்தூரத்தோடு நெடுநாள் பழகுவதால் வரும் தேர்ச்சி. எடைக்குறைவுக்கு அடுத்து பிரைம் லென்ஸ் தரும் பெரிய பலன் இதுதான். சொல்லப்போனால் இதுவே முதன்மையான பலன் எனலாம்.

பின்னர் வந்த எஸ்எல்ஆர் கேமராக்கள் சிறிய லென்ஸ்களுக்கு ஒரு தடையைக் கொண்டுவந்தன. அவற்றில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி மேலும் கீழும் புரள வேண்டும். அதற்கு இடம்விட்டு லென்ஸைத் தள்ளிப் பொருத்தினார்கள். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் கேனானின் இஎஃப் வகையில் 44 மி.மீ., நிக்கானின் எஃப் வகையில் 46.5 மி.மீ. எளிய அமைப்புள்ள 28 மி.மீ. லென்ஸ் ஒன்று பிம்பத்தைத் தனக்குப் பின்னால் ஏறக்குறைய 28 மி.மீ. தூரத்தில் விழவைக்கும், அதற்கு லென்ஸே கண்ணாடி புரளும் இடத்துக்குள் போக வேண்டியிருக்கும். ஆகவே முன்பக்கத்தில் ஒளியை விரிக்கும் குழிவில்லைகளைச் சேர்த்து, பிம்பம் விழும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ரெட்ரோஃபோகஸ் எனப்படும் இந்த வடிவமைப்பை 1950-ல் பிரான்ஸின் ஆஞ்செனியூ நிறுவனம் 35 மி.மீ. லென்ஸில் கொண்டுவந்தது. தீர்வு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வில்லைகளின் எண்ணிக்கை கூடியது, லென்ஸின் முகப்பு அகன்றது, எடை ஏறியது.

குவியத்தூரம் 40 மி.மீ.யைத் தாண்டினால் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது. எஸ்எல்ஆர் காலத்தின் மிகத் தட்டையான லென்ஸ்கள் 40, 45 மி.மீ. குவியத்தூரத்திலேயே அமைந்ததன் காரணம் அதுதான். 1960-களின் இறுதியில் வந்த நிக்கானின் 45 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் நான்கே வில்லைகள்; 1902-ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் கண்டறிந்த டெசார் அமைப்பு அது. 1976-ல் பென்டாக்ஸ் கொண்டுவந்த 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 18 மி.மீ. தடிமன்தான். 2012-ல் கேனான் வெளியிட்ட 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 130 கிராம் எடையும் 22.8 மி.மீ. தடிமனும் கொண்டு, பெரிய கேமராவையும் கைக்கு அடக்கமாக்கியது. இத்தகைய தட்டை லென்ஸ்களைப் பான்கேக் என்று கடைகளில் சொல்வார்கள்.

மிரர்லெஸ் கேமராவில் புரளும் கண்ணாடி இல்லை. லென்ஸ் வளையத்திலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ., சோனியில் 18, கேனான் ஆர்எஃப் வகையில் 20. இதனால் 26, 28 மி.மீ. லென்ஸ்களும் தட்டையாக வரத் தொடங்கின. நிக்கானின் 26 மி.மீ. எஃப்/2.8, கேனானின் 28 மி.மீ. எஃப்/2.8 இரண்டும் 2023-ல் வெளிவந்தவை. ஏபிஎஸ்-சி சென்சாருக்கான ஃபுஜிஃபில்ம் 27 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் எடை 84 கிராம். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் அது 40 மி.மீ. காட்சியைத் தரும். ஃபிலிமில் இல்லாத சிக்கல் ஒன்று சென்சாரில் உண்டு. ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு சிறு குழியின் அடியில் இருப்பதால், மிகச் சாய்வாக வரும் கதிரை முழுமையாக வாங்கிக்கொள்ளாது. பின்பக்க வில்லை சென்சாரை ஒட்டி உட்காரும் தட்டை லென்ஸ்களில் மூலைகள் இருள்வதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் வடிவியல் சார்ந்தது. எளிய அமைப்புள்ள லென்ஸில் மூலையை அடையும் ஒளி, சாய்வுக் கோணத்தின் கோசைனுடைய நான்காம் அடுக்கு விகிதத்தில் குறையும். 50 மி.மீ. லென்ஸின் மூலையில் மைய ஒளியில் 71 சதவீதம் விழும். 35-ல் 52 சதவீதம். 28-ல் 39 சதவீதம்தான். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் மூலைகளை வெளிச்சமாக்கி இதைச் சரிசெய்கிறது. வளைந்த கோடுகளையும் நிமிர்த்துகிறது. இது ஏமாற்று வேலை அல்ல. கண்ணாடி செய்ய வேண்டிய திருத்தத்தில் ஒரு பங்கைக் கணக்கீடு செய்வதால்தான் லென்ஸ் இவ்வளவு சிறியதாகிறது. ஆனால் மங்கிய ஒளியில் எடுத்த படத்தின் மூலைகளில் புள்ளி இரைச்சல் அதிகமாகத் தெரிந்தால், அது இந்தத் திருத்தத்துக்குக் கொடுத்த விலை.

அடுத்த தீர்மானம் துளையின் அளவு. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸுக்கு அது 25 மி.மீ.; எஃப்/2.8-க்கு 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். ஒளியும் கால்பங்கே வரும். அகன்ற துளைக்கு அகன்ற கண்ணாடி வேண்டும். விளிம்பு வழியே நுழையும் கதிர்கள் மையக் கதிர்கள் குவியும் இடத்தில் குவியாததால் வரும் கோளப்பிறழ்ச்சியைத் திருத்தக் கூடுதல் வில்லைகளும் வேண்டும். சோனியின் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 524 கிராம். அதே குவியத்தூரத்தில் அதன் எஃப்/2.8 லென்ஸ் 120 கிராம்.

கூடுதல் ஒளி பயணத்தில் எவ்வளவு உதவும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மங்கலான விளக்கு எரியும் வீட்டுக்கூடத்தில் வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருப்பதாகக் கொண்டு, ஐஎஸ்ஓவை 3200-ல் வைத்தால், எஃப்/2.8-ல் ஷட்டர் வேகம் 1/80 விநாடி கிடைக்கும். எஃப்/2-ல் 1/160, எஃப்/1.4-ல் 1/320. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரைப் பிடிக்க 1/80 போதும். நடப்பவரின் கைகால்கள் மங்காமல் வர 1/160 அளவிலாவது வேண்டும். ஃபிலிம் காலத்தில் 3200 என்ற எண்ணைத் தொடவே தயங்குவார்கள். இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சார்களும் ஏபிஎஸ்-சி சென்சார்களும் அந்த உணர்திறனில் அச்சிடத்தக்க படம் தருகின்றன. ஆகவே எஃப்/2 பெரும்பாலான பயணத்துக்கு நிறைவான அளவு. வெயிலிலும் வீதியிலும் மட்டும் எடுப்பவருக்கு எஃப்/2.8-ஏ போதும். எஃப்/1.4 என்ற எண்ணுக்காக நான்கு மடங்கு எடையைச் சுமப்பது பயணத்தில் நியாயப்படுத்தக் கடினமானது. கேமராவின் உடலிலேயே அதிர்வைச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் அசையாத பொருள்களுக்கு இன்னும் மெதுவான ஷட்டரும் கைகொடுக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி தேவை என்பதால் இந்த வசதியின் மதிப்பு கூடுகிறது.

பகலில் நிலைமை நேர்மாறு. பயணப் படத்தில் முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் இருக்கும் மலையும் இரண்டுமே தெளிவாக வேண்டியிருக்கும். எஃப்/8-ல் 28 மி.மீ. லென்ஸை 3.3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.6 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். 35 மி.மீ.க்கு 5.1 மீட்டரில் வைத்தால் 2.6 மீட்டரிலிருந்து. 50 மி.மீ.க்கு 10.4 மீட்டரில் வைத்தால் 5.2 மீட்டரிலிருந்து. இன்னும் தெளிவு வேண்டும் என்று எஃப்/16, எஃப்/22 வரை துளையைச் சுருக்குவது பலனளிக்காது. துளை சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். ஒரு புள்ளி வட்டமாக விரியும். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப்/8-ல் சுமார் 11 மைக்ரோமீட்டர், எஃப்/16-ல் 21. 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலம் 6 மைக்ரோமீட்டர்தான். பெரும்பாலான சிறிய பிரைம் லென்ஸ்கள் எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையே உச்சத் தெளிவைத் தருவது, பிறழ்ச்சிகள் குறைந்து, விளிம்பு விளைவு இன்னும் தலையெடுக்காத இடம் அது என்பதால்தான்.

லென்ஸின் விவரக்குறிப்பில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் சில செய்திகள் உண்டு. சில பான்கேக் லென்ஸ்களில் எல்லா வில்லைகளும் ஒரே கட்டாக முன்பின் நகர்ந்தால்தான் ஃபோகஸ் ஆகும். சிறிய மோட்டாருக்கு அது கனமான வேலை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கு 2009-ல் வெளிவந்த பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் படத்தரத்துக்குப் பெயர்பெற்றது, ஃபோகஸ் வேகத்தில் பின்தங்கியது. ஓடும் குழந்தைகளை எடுப்பவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தில் எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் ஆகும் என்பதும் முக்கியம். இலையில் பரிமாறிய சாப்பாட்டை எடுக்க 20 முதல் 30 செ.மீ. வரை நெருங்க முடிய வேண்டும். தூசி, தூறல் தாங்கும் ரப்பர் அடைப்பு எல்லா மலிவு லென்ஸ்களிலும் இருக்காது. தனுஷ்கோடி போன்ற மணலும் உப்புக்காற்றுமான இடங்களுக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். ஒரே லென்ஸோடு போகிறவர் அங்கே லென்ஸைக் கழற்றவே தேவையில்லை என்பதால், சென்சாரில் தூசி படியும் ஆபத்தும் பெருமளவு நீங்குகிறது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பூஞ்சைக்கு அஞ்ச வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நீடித்தால் வில்லைகளின் பூச்சின் மீது பூஞ்சை இழையோடத் தொடங்கும்; கடலோர ஊர்களில் அது சாதாரணம். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் விளக்கைக் காட்டி மறுபக்கம் பார்த்தால் சிலந்தி இழை போன்ற கோடுகள் தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. பூஞ்சை பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. வாங்கிய லென்ஸைத் தோல் உறையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது.

எல்லாப் பயணத்துக்கும் சிறிய பிரைம் பொருந்தாது. வேடந்தாங்கலில் பறவை பார்க்கப் போகிறவருக்கும், கோபுரத்து மேல்நிலைச் சுதைகளை ஒவ்வொன்றாக ஆவணப்படுத்துகிறவருக்கும் தொலைவை நெருக்கும் நீண்ட லென்ஸ்தான் வேண்டும். மற்றவர்களுக்கு 35 மி.மீ. காட்சி தரும் எஃப்/2 லென்ஸே பொருத்தமான தேர்வு. இன்று எல்லோர் பையிலும் இருக்கும் ஸ்மார்ட்ஃபோனின் முதன்மைக் கேமரா 24 மி.மீ. அளவில்தான் காட்சியைப் பிடிக்கிறது; அகன்ற காட்சி தேவைப்படும் சில நேரங்களை அது பார்த்துக்கொள்ளும். குறுகிய பக்கத்தில், 35 மி.மீ.யில் எடுத்த 24 மெகாபிக்ஸல் படத்தின் ஓரங்களை வெட்டி 50 மி.மீ. காட்சியாக்கினால் ஏறக்குறைய 12 மெகாபிக்ஸல் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் ஏ4 தாளில் அச்சிட 8.7 மெகாபிக்ஸல் போதும். மனிதர்களையே அதிகம் எடுக்கிறவர் 40 மி.மீ.க்குப் போகலாம், குறுகிய தெருக்களிலும் வீட்டு உள்ளறைகளிலும் எடுக்கிறவர் 28-க்கு வரலாம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஏற்கெனவே ஜூம் லென்ஸில் எடுத்த பயணப் படங்களைக் கணினியில் திறந்தால், ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். எந்த எண் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அந்த எண்ணில் ஜூம் வளையத்தை நிறுத்தி, ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொந்த ஊரிலேயே படம் எடுத்துப் பாருங்கள். மாலையில் டேப்பைப் பிய்க்கத் தோன்றாவிட்டால், அந்தக் குவியத்தூரத்தில் லென்ஸ் வாங்கலாம்.